பயணப்படி

லீ பஜார் மாடியில் உட்கார்ந்து நிரப்புகிறேன்.
முதல் கட்டம், புறப்பட்ட இடம்.
சேலம் என்றால் பாதிப் பொய்.
விமானம் புறப்பட்டது கமலாபுரத்தில்.
நான் புறப்பட்டது அம்மாப்பேட்டையில்,
இட்லி வேகும் முன்னால்,
பன்னிரண்டு கிலோ ஜவ்வரிசி மாதிரிப் பெட்டியோடு.

டாக்சி எண்ணூற்றைம்பது.
"திரும்பறப்ப சவாரி கிடைக்காதுங்க,
காலியாத்தான் வரணும்" என்றார் மாதையன்.
அவர் தனியாகத் திரும்பி வரும் தூரத்தையும்
நான்தான் விலைக்கு வாங்கினேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பஸ்ஸில் போயிருக்கலாம்.
ஓமலூர் தாண்டிப் பிரிவு ரோட்டில் இறக்கிவிடுவார்கள்.
அப்புறம் பெட்டியும் நானும்
சோளக்காட்டு ஓரமாக நடந்து போய்
ஆகாயத்தில் ஏற வேண்டும்.
"ப்ளைட்டுக்குப் போறவன் புழுதிக்காலோட போனா
கம்பெனிக்கு அழகா?" என்றார்
முதலாளி செங்கோட்டுவேல்.

மேலே ஏறியதும் ஜன்னல் நிறையச் சேர்வராயன் மலை.
அதன் காலடியில், தின்னப்பட்டிப் பக்கம்,
ஒரு ரயில்.
அதுவும் சென்னைக்குத்தான்.
டாக்சிக்குக் கொடுத்த காசில்
அதில் நாலு தடவை போகலாம்,
மிச்சத்துக்கு முறுக்கும் டீயும்.
இத்தனை கிட்டத்தில் ஓடுகிறது,
ஓடுபாதையும் தண்டவாளமும்
ஒரு சொல் பேசிக்கொள்வதில்லை,
வரப்புத் தகராறில் முறைத்துக்கொண்ட
பங்காளி வீடுகள் மாதிரி.

மீனம்பாக்கத்தில் வெளியே வந்தால்
"சார் டாக்சி, சார் டாக்சி, அறுநூறு."
மெட்ரோ அங்கேயே நிற்கிறது, குளுகுளுவென்று.
எதிரே திரிசூலம்,
மின்சார ரயில், ஐந்து ரூபாய்.

ஐந்து ரூபாய்க்கு மேல் வரி
படிக்கட்டு.
இறங்கினேன். ஏறினேன்.
பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது
பெட்டியின் இன்னொரு பக்கத்தை
ஒரு கை தூக்கியது.
நீலச் சீருடை, கழுத்தில் அட்டை,
தரை துடைக்கும் மருந்தின் வாசனை.
"என்ன சார், கருங்கல்லா?"
"ஜவ்வரிசிம்மா."
"இவ்ளோ பாயசமா!"
சிரித்த சிரிப்பில் ஆறு படி குறைந்தது.
தினம் இந்த வண்டிதானாம்.
விமானத்தில் வந்து இதில் ஏறுகிற ஆளை
வாரத்துக்கு ஒருத்தரைப் பார்ப்பதே அபூர்வம் என்றாள்.
கிண்டியில் நான் இறங்கியபோது
அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

திரும்பியது ராத்திரி ரயிலில்.
மூன்றரை மணிக்குச் சூரமங்கலம்.
இறங்கியதும் ஊர்.
டீக்கடை, ஆட்டோ, கொசு,
குல்லாய் போட்ட நாலு பேர்.
ரயில் ஊருக்குள்ளேயே இறக்கிவிடுகிறது.
விமானம் ஊரின் பெயரில்
எங்கேயோ இறக்கிவிடும்.

கேஷியர் சௌடேஸ்வரி படிவத்தைப் பார்த்துவிட்டு
தலையில் அடித்துக்கொண்டார்.
"அஞ்சு ரூபாய்க்கு வவுச்சரா?
டாக்சின்னு அறுநூறு போடுங்க.
எல்லாரும் போடறதுதானே."

போட்டேன்.
அறுநூறு பார்க்க அழகாகத்தான் இருந்தது.
மகளின் ஷூ, கேஸ் சிலிண்டரில் பாதி,
மனசு அதற்குள் செலவு செய்து முடித்துவிட்டது.

சட்டைப்பையில் அந்தச் சீட்டு,
வேர்வையில் ஊறி, எழுத்து மங்கி.
ஏனோ அந்த மருந்து வாசனை வந்தது.
அறுநூறை அடித்தேன்.
அடித்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி.
போட்டேன்.
பக்கத்தில் ஐந்து.

மறுநாள் மேசைக்குத் திரும்பி வந்தது படிவம்.
ஐந்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
ஓரத்தில் முதலாளியின் கையெழுத்தில்:
"சைபர் விட்டுப்போச்சா? விளக்கம் தேவை."

காலியாகத் திரும்பிய டாக்சிக்கு
எப்போதோ டிக் அடித்திருந்தார்.