இருபத்தெட்டு அங்குலம்

ஊறணியில் அந்த வளவுக்கு நான் போனது
நீதிமன்ற ஆணையோடு, ஓர் அளவு நாடாவோடு,
நாடாவின் மறுமுனை பிடிக்க ஒரு பொடியனோடு.
வாதி குணநாயகம், வீட்டுக்காரர்.
பிரதிவாதி புவிராணி, வாடகைக்கு இருப்பவ.
பிணக்கு: ஒரு பலகை.

வாசற்படி நான்கு. ஒவ்வொன்றும் ஏழு அங்குலம்.
'நாலேழு இருபத்தெட்டு' என்று பொடியன் கத்தினான்.
கதவு நிலைக்குள் சக்கர நாற்காலியில் இருந்தபடி
'அது எனக்குப் பாடம்' என்றா.

தம்பி கட்டாருக்குப் போகும்வரை
தூக்கி இறக்குவானாம், அரிசி மூட்டை மாதிரி.
'மூட்டைக்கு வெட்கம் இல்ல' என்றா.
அவன் போனபின் பலகை வைத்தா.
அனுமதியின்றிக் கட்டடத்தில் மாற்றம் செய்ததாக
வழக்கு வந்தது, வீட்டை விட்டு எழும்பச் சொல்லி.
பலகை இப்போது நீதிமன்றக் களஞ்சியத்தில்.
துணிச்சீட்டுக் கட்டி, 'வா 3' என்று அடையாளமிட்டு,
வெளியே போகிற வழி
பூட்டிக் கிடக்கிறது.

குணநாயகம் கெட்ட மனிதர் இல்லை.
கதிரை போட்டார். இளநீர் வெட்டித் தந்தார்.
ஐம்பத்தேழில் தகப்பன் வீடு முகடுவரை மூழ்கியதாம்,
அதற்குத்தான் உயர்த்திக் கட்டியதாம்.
படிச்சுவரில் ஒரு பழுப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்:
பதினோராம் ஆண்டு வெள்ளம்
மூன்றாம் படியோடு நின்ற இடம்.
'படியைக் கண்டுதானே ஐயா கையெழுத்து வைத்தவ?'
அது அவருடைய மனுவில் ஏழாம் பந்தி.

'கண்டன்தான்' என்றா உள்ளிருந்து.
'பன்னிரண்டு வீடு பார்த்தன்.
இதிலதான் படி குறைவு.'

நான் அதைக் குறிக்கவில்லை.
ஆணை கேட்டது அளவு மட்டும்.
ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம்,
ஆக இருபத்தெட்டு அடிச் சாய்தளம்.
படியிலிருந்து படலைக்குப் பதினேழே அடி.
பாதியில் திரும்ப வேண்டும்,
திரும்ப ஐந்தடிச் சதுரம் வேண்டும்,
அந்தச் சதுரமோ கிணற்றுக்கட்டில் ஏறுகிறது
ஒன்பது அங்குலம்.
ஒன்பது அங்குலத்தை இடித்தாலும்
கிணறு கிணறாகத்தான் இருக்கும்.
அப்படி எழுத எனக்கு அதிகாரம் இல்லை.
கீறிக் காட்டலாம். கீறினேன்.

புறப்படும்போது கூப்பிட்டா.
'கக்கூஸ் கதவையும் ஒருக்கா அளங்க.'
ஆணையில் முன்வாசல் மட்டும் என்றேன்.
'இருபத்துநாலு' என்றா. 'கதிரை இருபத்தஞ்சரை.
நீங்க அளக்கத் தேவல்ல. எழுதுங்க.'
மிச்சத்தை அவ சொல்லவில்லை.
பொடியன் நாடாவைச் சுற்றினான்,
தேவையில்லாத கவனத்தோடு.

அடுத்த தவணை நவம்பர் கடைசியில்.
'மழை பிடிச்சிரும்' என்றேன், பேச்சுக்கு.
'பிடிக்கட்டும். தண்ணி மூணாம் படிக்கு ஏறினா
தோணி வாசலுக்கே வரும்.
அண்டைக்கு நான் கோட்டுக்கும் போவன்.'
முதலில் சிரித்தவர் குணநாயகம்.
பிறகு நிறுத்திக்கொண்டார்.

வரைபடத்தில் நான்கு படியும்
நான்கு மெல்லிய கோடு,
ஒரு நகக்கண்ணுக்குள் அடங்குகிறது.
ஓரத்தில் பென்சிலால் 24. அதன் கீழ் 25½.
அழிப்பதா விடுவதா என்று தெரியாமல்
மேசையில் விரிந்து கிடக்கிறது.
கட்டணச் சீட்டை மட்டும் அனுப்பிவிட்டேன்.
தோற்பவர் கட்ட வேண்டும்.