வருகையின் நோக்கம்

மிச்சமிருந்த லீவு ஆறு நாள்.
டிசம்பர் முப்பத்தொன்றோடு செத்துப்போகும்.
வவுனியாவில் பஸ் ஏறியபோது
கடலை மட்டுமே நினைத்திருந்தேன்.

அக்கரைப்பற்றில் மாறி ஏறிய பஸ்ஸில்
கொண்டக்டர் கேட்டான்:
"உல்லைக்கா? இந்த மழைக்குள்ளயா?"
யோசனையில் மீதி இருபது ரூபாயை மறந்து
மணியடித்துப் போய்விட்டான்.

லாபிரின் விடுதியில் பதினொரு அறை, ஒரு விளக்கு.
மற்றப் பத்திலும்
அலைச்சறுக்குப் பலகைகள் படுத்திருந்தன,
மெத்தைமேல், கழுத்துவரை போர்த்தி,
முழுப் பணமும் கட்டிய வெள்ளைக்காரர்போல.

பதிவேட்டில் கடைசிப் பெயர் ஒக்டோபர் ஒன்பது.
'வருகையின் நோக்கம்' என்றொரு கட்டம்.
அலை, அலை, அலை என்று எழுதியிருந்தார்கள்.
ஒருத்தி மட்டும் தேனிலவு.
பத்தொன்பது வருடம் காணிக் கந்தோரில்
வெறும் கட்டம் கண்ட மனுக்களையெல்லாம்
திருப்பி அனுப்பியவன் நான்.
வெறுமையாய் விட்டேன்.

லாபிர் மழைக்காக மன்னிப்புக் கேட்டார்.
காலையில் கேட்டார். அஸருக்குப் பிறகு கேட்டார்.
கரண்ட் போனதும்
மெழுகுதிரியோடு வந்து கேட்டார்.
ஒழுக்குக்கு ஒரு வாளி, ஒரு குண்டான்,
ஐஸ்பெட்டி மூடி ஒன்று.
மூன்றும் மூன்று வேகத்தில் நிறைந்தன.
நிறைந்த வரிசையில் எழும்பி ஊற்றினேன்.
முதல்நாள் செய்த வேலை அதுதான்.

கடல் நீலமில்லை.
தேத்தண்ணிக் கடையில் கோப்பை கழுவிய நீராய்
கரைக்கு வந்து, எதையோ தேடி, திரும்பிப் போனது.
வாடைக்காற்றில் ஒரு பதாகை
'சூரிய'த்தை எங்கோ தொலைத்துவிட்டு
'குளியல்' 'குளியல்' என்று அடித்துக்கொண்டது.

"என்னத்துக்கு வந்தீங்க மகன்?"
அப்பம் சுட்டபடி நஸீஹா உம்மா.
காணி பார்க்க என்றேன்.
அடுத்த நாளும் கேட்டா. சும்மா என்றேன்.
பொய்யை நம்பினவ
உண்மையை நம்பவில்லை.

மூன்றாம் நாள் களப்பு ஏறி ரோட்டைத் தொட்டது.
வட்டைக்குள் வெள்ளாமை தலைவரை தண்ணி.
மணல் திட்டுக்கு அந்தப் பக்கம் கடல்,
இந்தப் பக்கம் களப்பு,
நடுவில் நாற்பது அடி.
வெட்டக் கடிதம் வரவேண்டுமாம்.
பெக்கோ வரவேண்டுமாம்.
அந்தக் கடிதம் எந்த மேசையில்,
எந்தக் கோப்பின் அடியில்,
யாருடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தாங்கிக்கொண்டிருக்கும்
என்று எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

இரவு டோர்ச்சுகள் வந்தன. ஆட்கள் பிறகுதான் தெரிந்தார்கள்.
புவிராஜன் என்று யாரோ கூப்பிட்ட மனிதர்
என் பக்கம் மண்வெட்டியை நீட்டினார்.
"புடிங்க. மறுகா கதைப்பம்."
நாலு நாளில்
நான் ஏன் வந்தேன் என்று கேட்காத முதல் ஆள்.

வெட்டினோம்.
வெட்டிய இடத்தை மணல் வந்து வந்து நிரப்பியது.
பேனாவைத் தவிர ஒன்றும் பிடித்திராத கை
முதலில் சிவந்தது, பிறகு வீங்கியது,
பிறகு என்னுடையது மாதிரி இல்லை.
சுபஹுக்குப் பாங்கு சொல்ல
ஒரு முழ அகலத்தில் தண்ணி கடலைத் தொட்டது.

ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு தென்னோலை மட்டும்
ஏதோ ஞாபகம் வந்ததுபோல மெல்லத் திரும்பியது.
நேரானது.
ஓலை போன வேகத்தைக் கண்டு
மண்வெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.
கரை கட்டி கட்டியாய் விழ
ஆற்றுவாய் தன்னைத் தானே தின்று அகன்றது.
சல்வீனியா, ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் கதிரை,
வயிறூதிய ஆடு ஒன்று,
சிரித்தபடி ஒரு தேர்தல் சுவரொட்டி.

யாரும் கைதட்டவில்லை. மழை விடவுமில்லை.
லாபிர் அங்கேயும் குடையோடு வந்து
மன்னிப்புக் கேட்டார்.
புவிராஜன் மறுகா கதைக்கவேயில்லை.
மண்வெட்டியைக் கழுவி வாங்கிக்கொண்டு போனார்.

போகிற அன்று பதிவேட்டை விரித்தேன்.
பேனா விரலுக்குள் நிற்கவில்லை.
மூடிவைத்தேன்.

அதே பஸ். அதே கொண்டக்டர்.
"உங்களுக்கு இருபது ரூவா தரணும்."
ஈரத் தாள்.
உடைந்த கொப்புளத்தில் பட்டு எரிந்தது.
"மறுகா, கடலெல்லாம் பாத்தீங்களா?"

லீவு இன்னும் ஒரு நாள் மிச்சம்.