கட்டைவிரல்

கிளைப்பேடா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
கீழே நிற்பவன் முகம் தெரியாது,
கை தெரியும்.
கட்டைவிரல் மேலே என்றால் தூக்கு,
கீழே என்றால் இறக்கு,
மூடிய கை என்றால் அப்படியே நில்.
பதினோரு வருடத்தில் ஒரு விரலைக்கூட
நான் தப்பாகப் படித்ததில்லை,

ஒன்றைத் தவிர.

ஔஸ்தேயாவுக்கு ஐந்து வயதில் சின்னம்மை.
கொப்புளம் உதிர்ந்து, தடமும் மங்கி,
நாங்கள் அதை மறந்தே போன நாலாம் மாதம்
குளிர்ந்த பீட்ரூட் சூப்பின் மேல்
கரண்டி நழுவியது.
மேசைவிரிப்பு ரோஜா நிறமாக நனைய நனைய
அவள் வாய் ஒரு பக்கம் இறங்கியது.
பக்கவாதம் என்றார்கள்.
என் தாய்மாமனுக்கு வந்த சொல் அது,
எழுபது வயதில், ஒரு புட்டி வோட்காவுக்குப் பிறகு.
இவளுக்கு இன்னும் ஒரு பால்பல்கூட விழவில்லை.

நடை திரும்பியது.
பேச்சும் வந்தது, சில சொற்கள் தலைகீழாக.
வலக்கை மட்டும் மடியில் கிடந்தது
யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கையுறையாக.
பதினெட்டு மாதம் அதை நீவினேன்,
மாவுக்குள் புதைத்தேன், கெஞ்சினேன்:
ஒரு விரல் போதும்.

மார்ச்சில், விடியுமுன்,
அந்தக் கட்டைவிரல் அசைந்தது.

"ரிமாஸ், ஓடி வா, கை வந்துவிட்டது!"
ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தான்.
சிரித்தோம். ஐயோ, சிரித்தோம்.
விரல் மேலே, மேலே, மேலே
தூக்கு, தூக்கு, தூக்கு
பிறகு மணிக்கட்டு. தோள்.
உதட்டோரம்.
பிறகு கண்கள், அறையில் இல்லாத எதையோ பார்த்து
அங்கேயே நின்றுவிட்டன.

மூளையில் ரத்தம் எட்டாமல் போன இடம்
தழும்பாகிவிட்டதாம்.
அதன் விளிம்பில் பிழைத்தவை எல்லாம்
சில சமயம் ஒரே நேரத்தில் கத்துமாம்.
"கை குணமாகவில்லை" என்றார் மருத்துவர்,
என் முகத்தைப் பார்க்காமல். "இது வலிப்பு."

இப்போது இரண்டு வேளை சிரப்,
திராட்சை வாசனை, அவளுக்கு ஆகாது.
ஒருக்களித்துப் படுக்க வை.
பல்லிடையே எதையும் திணிக்காதே.
மணி பார். ஐந்து நிமிடம் தாண்டினால்
கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே மருந்து.
நாலு நிமிடம் நாற்பது நொடி எவ்வளவு நீளம் என்று
எனக்குத் தெரியும்.
அதற்குள் ஒரு கப்பலைக் காலி செய்துவிடலாம்.

"அன்றைக்கு ஏன் சிரித்தாய் அம்மா?
எனக்குக் கேட்டது."

மூன்று நாள் பதில் சொல்லவில்லை.
நாலாம் நாள், ஷூ மாட்டிவிடும்போது:
"உன் கையைத் தப்பாகப் படித்துவிட்டேன்."
யோசித்தாள்.
"எனக்கும் அதைப் படிக்கத் தெரியாது."

போன வியாழன், துறைமுக வேலிக்கு வெளியே
ஒரு மஞ்சள் தொப்பி.
இடக்கையால் வலக்கையைத் தூக்கிப் பிடித்து,
ஒவ்வொரு விரலாக மடக்கி,
கட்டைவிரலை மட்டும் நீட்டி,
அதைக் கீழே திருப்பினாள்.

கொக்கியில் சுமை இல்லை.
அடியில் ஆளில்லை, இரண்டு முறை பார்த்தேன்.
ஒரு மீட்டர் இறக்கினேன்.

ரேடியோவில் பொவிலாஸ் கத்தினான்,
யார் சொல்லி இறக்கினாய் என்று.

சைகை வந்தது என்றேன்.