பாரந்தூக்கி

கிளைபேடா துறைமுகத்தில்
முப்பத்தொரு வருடம் பாரந்தூக்கி ஓட்டியவன்
ரோமுவால்தாஸ், என் கணவன்.
முப்பது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் லாரியில் வைப்பான்.
இன்று காலை
கெஃபிர் புட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி
முகம் பார்க்காமல் நீட்டினான்.
நானும் முகம் பார்க்காமல் திறந்தேன்.

கணையத்தில் கட்டி என்றார்கள், மார்ச்சில்.
மே முடிவதற்குள் பதினோரு கிலோ போயிற்று.
நான் என்ன செய்தேன்?
உருளைக்கிழங்கைத் துருவி, உள்ளே பன்றிக்கறி வைத்து
கொழுக்கட்டை பிடித்து வேகவைத்தேன்.
தட்டு நிறைய அடுக்கிவிட்டு
எதிரே உட்கார்ந்தேன், ஜெயில் காவலாளிபோல்.
இன்னும் ஒன்று. எனக்காக ஒன்று.
அவன் மென்றான், மென்றான்,
விழுங்கவில்லை.
கத்தினேன். ஆமாம், நோயாளியைப் பார்த்துத்தான்:
"சாகத்தான் ஆசையா?"

மருத்துவமனையில், உணவியல்காரி இங்கா
அவன் கெண்டைக்காலைச் சுற்றி நாடா பிடித்தாள்.
இருபத்தொன்பதரை.
பிறகு என்னிடம் சொன்னாள்:
இது அவர் பிடிவாதம் இல்லை.
கட்டி உள்ளே தீ மூட்டியிருக்கிறது.
உடம்பு தன் கூரையையே பிரித்து
அடுப்பில் போடுகிறது.
நீங்கள் வண்டி வண்டியாக விறகு கொட்டினாலும்
கூரை கொஞ்சம் மெதுவாகப் பிரியும்,
அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானுக்காக
பேருந்தில் நான்கு நிறுத்தம் அழுதேன்.
ஐந்தாவதில்
அதுவே போதும் என்றிருந்தது.

பெரிய தட்டுகள் அலமாரிக்கு மேலே போயின.
காபி சாசரில் இரண்டு கரண்டி பாலாடைக்கட்டி,
வெண்ணெய் கூட்டி, இரண்டு மணிக்கொரு தரம்.
முதல் வாயோடு கணைய மாத்திரை.
வாயெல்லாம் இரும்பு என்றான்,
மரக்கரண்டி வாங்கினேன்.
அடுப்பு வாசம் குமட்டிற்று,
ஸ்தெஃபானியா வீட்டு அடுப்பில் சமைத்து
ஆறவைத்து எடுத்து வந்தேன்.
குளிர்ந்த பீட்ரூட் சூப் மட்டும்
சண்டை போடாமல் உள்ளே போயிற்று.
தின்னு என்ற சொல்லை
நான் இப்போது சொல்வதில்லை.
சாசரை வைத்துவிட்டு
பூனையைப் பற்றி ஏதாவது பேசுவேன்.

சாயங்காலம், சமையலறை நாற்காலி.
கை ஊன்றாமல் ஐந்து முறை எழ வேண்டும்.
மூன்றாவதில் தொடை நடுங்கும்.
ஜன்னலோரம் நின்று
துறைமுகத்துச் சைகைக்காரன்போல்
சுட்டுவிரலை உயர்த்திச் சுழற்றுவேன்: தூக்கு!

"அவசரப்படாதே," என்றான் நேற்று, மூச்சு வாங்க.
"காற்றடிக்கும்போது
காலிப் பெட்டிதான் அதிகம் ஆடும்."

விரலை மெதுவாகச் சுழற்றினேன்.
நான்காவது எழுந்தான்.
ஐந்தாவதை நாளைக்கு வைத்தோம்.