சுவரில் ஒரு துளை

தீச்சுவர் வாங்கப் போனேன், ஐம்பத்தெட்டு வயதில்.
சிரிக்காதீர்கள்.
வால்பரைசோவின் சரிவுகளில்
முப்பத்தொரு வருடம் சம்பளமில்லாமல் தீ அணைத்தவன் நான்.
தீச்சுவர் என்றால் எனக்குத் தெரியும்:
ஒட்டிய இரண்டு வீடுகளுக்கு நடுவே, செங்கல்லில்,
தகரக் கூரையைத் தாண்டி ஒரு முழம் எழும்பி,
பக்கத்து வீட்டுச் சாவை இந்தப் பக்கம் விடாமல்
கறுத்து நிற்கும்.
கை வைத்துப் பார்த்திருக்கிறேன்.
மறுநாள் மதியம் வரை சுடும்.

கடையில் பால்டசார் காட்டியது
கைக்கு அகப்படாத சுவர்.
"உங்கள் கணினிக்கு
அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து வாசல், ஐயா."
ஒரு வீட்டுக்கா?
எந்தக் கொத்தன் கட்டினான் அதை?

கணினி இஸ்மேனியாவினுடையது.
மூன்று ரொட்டிக்கடைகளின் கணக்கு அதில்.
யாருக்கு எவ்வளவு மாவுக்கடன்,
யார் இன்னும் வரி கட்டவில்லை,
அவள் விரலுக்கும் திரைக்கும் மட்டும் தெரிந்தவை.
போன மாதம் ஒரு மாலை
அம்புக்குறி தானாக நகர்ந்தது.
அவள் இரண்டு கையும் மடியில் இருந்தன.
அது சொலெதாத் கடைக் கணக்கைத் திறந்து
கொஞ்ச நேரம் படித்தது.
"புகை வாசம் மாதிரி இருந்தது" என்றாள் என்னிடம்.
வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்று சுவர் வைத்திருந்தான்.
ஒன்று இலவசம்.
எதனால் இலவசம் என்று கேட்டேன்.
பால்டசார் மேசையைத் துடைக்க ஆரம்பித்தான்.
வேலி பயிரை மேய்வது இந்த மலையிலும் உண்டு.
அடுத்தது வருடச் சந்தா,
எதுவும் கேட்காதாம், எல்லாம் தானே பார்த்துக்கொள்ளுமாம்.
எங்கள் இராக்காவலில் அப்படி ஒருவன் இருந்தான், அனக்லெத்தோ.
எதையும் கேட்க மாட்டான்.
தூங்குவான்.
கடைசிச் சுவர் தொல்லை பிடித்தது என்றான் பால்டசார்,
எடுத்ததற்கெல்லாம் கேட்கும்:
இது உள்ளே வருகிறது, விடவா?
அது வெளியே போகிறது, விடவா?
அதற்குத்தான் பணம் கொடுத்தேன்.

முதல் இரவே நாற்பது கேள்வி.
கடிகாரம் மணி கேட்டுவரப் போகிறதாம். போகட்டும்.
அச்சு இயந்திரம் யாரிடமோ பேச வேண்டுமாம்.
அர்த்த ராத்திரியில் அதற்கென்ன பேச்சு?
"கூடாது" என்று அழுத்தினாள் இஸ்மேனியா.
காலையில் ரசீது அச்சாகவில்லை.
முணுமுணுத்துக்கொண்டே "ஆகட்டும்" என்று மாற்றினாள்.

மூன்றாம் இரவு, இரண்டரை மணிக்கு,
பெயரில் உயிரெழுத்தே இல்லாத ஒன்று கேட்டது.
க், ஸ், வ், ர், ட்.
வெளியே போக வேண்டும், விடவா?

நாங்கள் சுவர் வைத்தது வருகிறவனுக்கு.
இவன் ஏற்கெனவே உள்ளே இருந்தான்.
எத்தனை மாதமாகவோ கணக்கு வாசித்து,
எத்தனை இரவாகவோ கேட்காமலே போய்வந்தவன்,
இன்றைக்குத்தான் ஒரு கதவில் இடித்துக்கொண்டான்.
தீ இந்தப் பக்கம் இருந்தால்
சுவர் வெறும் அடுப்பு.
இளையவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி
என் தொண்டை கட்டியிருக்கிறது.

இணையக் கம்பியைப் பிடுங்கினேன்.
பிடுங்கிய கையோடு, அது எங்கிருந்து வருகிறது என்று
அலமாரியை நகர்த்திப் பார்த்தேன்.
செங்கல்லில், என் செங்கல்லில்,
கட்டைவிரல் பருமனுக்கு ஒரு துளை.
இணைப்புக் கொடுக்க வந்தவன்
ஏணி தூக்கச் சோம்பி,
பக்கத்து வீட்டுப் பரண் வழியாக இழுத்து
நேரே துளைத்திருக்கிறான்.
ஹிலாரியோ வீட்டு விளக்கு அதில் தெரிந்தது.
ஆறு வருடம் அந்த அறையில்தான் சாப்பிட்டேன்,
அடுத்தவர் வீட்டுத் துளைகளைப் பற்றிப் பேசியபடி.

இஸ்மேனியா சிரிப்பை அடக்கவே இல்லை.

திங்கட்கிழமை பால்டசார் வந்து
உள்ளே இருப்பவனைத் தேடிப் பிடிக்கும்வரை
ரொட்டிக்கணக்கு பென்சிலில்.
நான் பால் காய்ச்சும் கிண்ணத்தில்
சிமெண்டு குழைத்தேன், விடிவதற்குள்.
பின்னால் திரையில்,
கம்பியே இல்லாத கணினியிலிருந்து,
அது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.