உடைந்தபோது எடை

வினிப்பெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
இடைவேளைக்கும் வெளியே விடவில்லை.
காய்ந்துகொண்டிருந்த காலுறைகளின் வாசத்தில்
மூன்றாம் வகுப்பு.
இரண்டு மேசைகளை நாற்பது சென்ரிமீற்றர் விலக்கிவைத்து
"இது ஆறு, கடக்க வேண்டும்" என்றேன்.

கொடுத்தவை: ஐஸ்பழக் குச்சி, நூல், ஒட்டுநாடா.
எடைக்கு, ஊறுகாய்ப் போத்தல் நிறையச் சதக்காசு.
இதே ஊரில் அச்சடித்தவை.
சதத்தை நிறுத்திய வருடம்
எறிய மனமின்றிச் சேர்த்துவைத்தேன்.
செல்லாக்காசுக்கும் எடை உண்டு,
அதுதான் இன்றைய பாடம் என்று
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தாராஸின் பாலம் முக்கோணம் முக்கோணமாய்,
பார்க்க அத்தனை அழகு.
பதினேழாவது காசில் முதுகு முறிந்தது.
செலாமும் ஜெரிக்கோவும் கட்டியது
நனைந்த பாய்போல் தொய்ந்து தொய்ந்து
நூற்று நாற்பத்திரண்டு தாங்கியது.
ஹர்லீன் காசையெல்லாம் கரையோரமாகவே அடுக்கினாள்.
"நடுவில் ஒருவரும் போகக் கூடாதா?"
"போகலாம். ஆனால் நிற்கக் கூடாது."

டேரியன் எதையும் கட்டவில்லை.
திங்களன்று அவன் கேட்டது
ஒரு கேக் தட்டு, ஒரு குவளைத் தண்ணீர்,
பின்கதவைத் திறக்க அனுமதி.
ஒரு குவளை ஊற்று. உறையட்டும்.
பிறகு அடுத்தது.
அவசரப்பட்டால் வெள்ளையாய் வருமாம்.
வெள்ளையை நம்பக் கூடாதாம்,
கறுத்த ஐஸ்தான் லொறி தாங்குமாம்.

செப்டெம்பரில் ஐலண்ட் லேக்கிலிருந்து வந்தவன்.
வந்த நாளிலிருந்து அவன் பேசியதையெல்லாம்
ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம்.
அன்று பேசினான்:
"எங்கள் ஊருக்கு ரோட்டு இல்லை, மிஸ்.
குளிர்காலத்தில் ஏரிதான் ரோட்டு.
மாமா டீசல் கொண்டுபோவார்.
முதலில் துளை போட்டு அளப்பார்கள்.
சீட் பெல்ட் போடமாட்டார்."
"ஏன்?" என்றாள் செலாம்.
அவன் அவளைப் பார்த்த பார்வையில்
பதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் பலகையைக்
கையுறையோடு தூக்கிவந்து ஆற்றின்மேல் வைத்தான்.
அடிமட்டம் வைத்து அளந்தான். மூன்றரை.
காசு முழுவதையும் போட்டோம், அறுநூற்றெட்டு.
வெறும் போத்தலையும் வைத்தோம்.
அகராதி. ஸ்டேப்லர்.
செலாமின் பனிச் சப்பாத்து ஒரு சோடி.
அசையவில்லை.

"ஐஸ் பட்டியலில் இல்லையே, மிஸ்?"
கேட்டவன் தாராஸ்.
பதினேழு காசில் உடைந்தவனின் கேள்வி,
நியாயமான கேள்வி.
பதிலும் என் பட்டியலில் இல்லை.

பிறகு ஒரு சொட்டு.
இன்னொன்று.
"ஆற்றில் தண்ணீர் வருகிறது!" என்று
ஹர்லீன் கத்த,
வகுப்பே தரையில் குப்புறப் படுத்துவிட்டது.
நான் மட்டும் மேலே நின்று பார்த்தேன்:
ஒவ்வொரு காசும் தன் அளவுக்கு ஒரு குழி தோண்டி
அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது,
ராணியின் கன்னம் முதலில்.

என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
உடைந்தபோது எடை.
மற்ற எல்லாருக்கும் எண் விழுந்துவிட்டது.
இவனுக்கு என்ன போடுவது?
பூச்சியமா, அறுநூற்றெட்டுக்கு மேலா?
பென்சிலை அவனிடமே நீட்டினேன்.
யோசிக்காமல் எழுதினான்:
மார்ச்.

மூன்றரைக்கு மணி அடித்தது.
பஸ் பிள்ளைகள் போன பிறகு
முழங்காலில் நின்று ஆற்றைத் துடைத்தேன்.
ஈரக் காசுகளைக் கடதாசித் துவாயில் பரப்பி
எண்ணினேன். அறுநூற்றாறு.
மறுபடி எண்ணவில்லை.

கேக் தட்டையும் காணவில்லை.
யன்னலைச் சுரண்டிப் பார்த்தபோது
வேலியோரப் பனிக்குவியலில் இருந்தது,
புதிதாய் ஒரு குவளைத் தண்ணீரோடு.
தண்ணீருக்குள்
தாராஸின் முறிந்த முக்கோணங்கள்
உறையத் தொடங்கியிருந்தன.