காந்தம்

குருநாகலில் இருந்து வந்தவன்
சட்டைப் பையில் காந்தம் கொண்டுவந்திருந்தான்.
கை குலுக்கிய கையோடு
பொனெற்றில் வைத்தான். ஒட்டியது.
கூரையில் ஒட்டியது.

பதினொரு வருசம்.
டொக்யார்ட் கொந்துறாத்துக்காரர் ஒருவரின் கொட்டிலில்
அறுபத்தெட்டாம் ஆண்டு டாட்ஜ்;
பின் சீற்றில் கோழி அடைகிடந்தது.
பாலையூற்றில் லொறியால் இறக்கியபோது
பிலோமினா கேட்டாள்:
"இதுக்குள்ள எது கார்?"

இடது கதவின் கீழே காந்தம் விழுந்தது.
அவன் என்னைப் பார்த்தான்.
"பட்டி" என்றேன். "உப்புக்காத்து தின்ற இடம்.
மிச்சப் பொத்தலெல்லாம் சீனக்குடாவில் வாங்கின
டீசல் பீப்பாய்த் தகரம்."
"அப்ப ஒரிஜினல் இல்லையா?"

எட்டுச் சிலிண்டரையும் எழுப்பி
கோட்டையடிக்குக் கூட்டிப்போனேன்.
மான்கள் வழி விடவில்லை.
ஒன்று மட்டும் கிட்ட வந்து
பம்பரில் தெரிந்த தன் மூக்கை நக்கியது.

கோட்டா காலத்தில் கன்னியா போய்வர
ஒரு கிழமைப் பெற்றோல் தீர்ந்ததையும் சொன்னேன்.
சிரித்தான். ஐம்பதாயிரம் குறைத்தான்.
பட்டிக்கு இன்னொரு ஐம்பது.

பிலோமினா காசு எண்ணத் தொடங்க
அவன் பழக்கதோசத்தில் வலது கதவால் ஏறி
ஸ்டியரிங் இல்லாத இடத்தில்
கைகளை நீட்டிக்கொண்டிருந்தான்.
இறங்கிச் சுற்றி வந்தான். போனான்.

ஒன்றை நான் சொல்லவில்லை:
இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினால்
ஹோர்ன் தானாக அலறும்.
எத்தனை வயர் மாற்றியும் அடங்காதது.

நாலாம் கட்டைப் பக்கமிருந்து கேட்டது, நீளமாக.
பிலோமினாவுக்கு எண்ணிக்கை பிழைத்துப்போனது.
விரலை நனைத்து
முதல் தாளில் இருந்து தொடங்கினாள்.